பேருந்து நிறுத்தத்தில் தண்ணீர்ப் பந்தல்: அறுபது, எழுபது வயதுக்காரர்கள் மட்டுமே நடத்த முடியுமா?

காவிரிக்கரை எழுதியது:

வணக்கம். திருச்சியில் எங்கள் தெருவில் பணி ஓய்வு பெற்றவர்கள் ஏழு பேர் சேர்ந்து இந்தக் கோடையில் பேருந்து நிறுத்தத்தை ஒட்டி ஒரு தண்ணீர்ப் பந்தல் போடலாம் என்று பேசியிருக்கிறோம். எல்லாருக்கும் வயது 62-லிருந்து 78-க்குள். இரண்டு பேருக்கு மூட்டுவலி, ஒருவருக்கு இதயத்தில் ஸ்டென்ட். கனமான எதையும் தூக்க முடியாது. அருகில் அரசு மருத்துவமனை, ஒரு பள்ளி, ஆட்டோ ஸ்டாண்டு. மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் 30 அடி தூரத்தில் ஒரு கடையில் கிடைக்கும், கடைக்காரர் சம்மதித்துவிட்டார். பானையா, கேனா? ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? யார் எந்த நேரம் உட்காருவது? அனுபவம் உள்ளவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

குயவர்பாளையம் எழுதியது:

ஐயா, பானைதான். கேன் தண்ணீர் மதியம் ஒரு மணிக்கு வெந்நீராகிவிடும். சுடுகிற தண்ணீரை யாரும் இரண்டாவது டம்ளர் கேட்க மாட்டார்கள், வெயிலில் வருகிறவருக்கு அந்த இரண்டாவது டம்ளர்தான் முக்கியம்.

பானை வாங்கும்போது சாயம் பூசியது, வார்னிஷ் அடித்தது, மேலே பளபளப்பு ஏற்றியது எதையும் தொடாதீர்கள். தண்ணீர் பானையின் நுண்துளை வழியாகக் கசிந்து வெளிப்பரப்பில் ஆவியாவதால்தான் உள்ளே குளிர்கிறது. பெயின்ட் அந்தத் துளையை அடைத்துவிட்டால் அது வெறும் கனமான பாத்திரம். விரல் கணுவால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். சத்தம் மந்தமாக இருந்தால் வேக்காடு போதவில்லை அல்லது மயிரிழை விரிசல் இருக்கிறது.

புதுப்பானையை ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிரப்பி ஊறவிடுங்கள். மறுநாள் கொட்டிவிட்டுத் திரும்ப நிரப்புங்கள். மண்வாசம் நிற்கும்வரை இரண்டு மூன்று முறை இப்படி. சோப்பு, பாத்திரம் தேய்க்கும் திரவம் எதுவும் கூடாது. துளைக்குள் ஏறி உட்கார்ந்தால் வாரக்கணக்கில் தண்ணீரில் வாசம் வரும். கல்லுப்பும் தேங்காய் நாரும் போதும்.

15 லிட்டர் பானை உங்களுக்கு ஏற்றது. 25 லிட்டர் பானை நிரம்பியிருந்தால் அதை உங்களில் யாராலும் அசைக்க முடியாது, கழுவுவதற்குச் சாய்க்கவும் முடியாது. கழுவ முடியாத பானையில் மூன்றாம் நாளே உட்சுவர் வழவழப்பாகும். ஏழு பானை வாங்குங்கள்: ஐந்து புழக்கத்தில், இரண்டு வெயிலில் காயும். சுழற்சி முறையில் ஒவ்வொரு பானையும் முழு நாள் வெயிலில் காய்ந்தால் பாசியும் வராது, துளையும் திறந்திருக்கும்.

அடியில் மணல் பரப்பி அதை ஈரமாக வைத்திருங்கள். மணல் பானையை ஆடாமலும் பிடிக்கும். சுற்றிலும் ஈரத்துணி கட்டினால் குளிர்ச்சி கூடும், ஆனால் காற்று படும் இடமாக இருக்க வேண்டும். மூலையில் மூன்று பக்கமும் தட்டி அடைத்த இடத்தில் வைத்த பானை குளிராது. திருச்சி, மதுரை, கரூர் போன்ற வறண்ட காற்றுள்ள ஊரில் வெளியே 40 டிகிரி என்றால் பானைத் தண்ணீர் 28, 30-க்கு இறங்கும். கடலோர ஊர்களில் கடற்காற்று ஏறிய பிறகு அந்த அளவு வித்தியாசம் கிடைக்காது.

வெளிப்பக்கம் வெள்ளையாக உப்புப் பூத்தால் குளிர்ச்சி குறைகிறது என்று பொருள். போர்வெல் தண்ணீர் ஊற்றினால் இது சீக்கிரம் வரும். நாரால் தேய்த்து எடுக்கலாம், ஒரு கோடைக்கு மேல் அந்தப் பானையை நம்ப வேண்டாம்.

குழாயடி எழுதியது:

பானை பற்றி மேலே சொன்னது அத்தனையும் சரி. தண்ணீர் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல மனதோடு வைத்த பந்தலில் வயிற்றுப்போக்கு வந்தால் பாதிக்கப்படுவது மருத்துவமனைக்கு வந்த நோயாளிதான்.

முதலில் அளவு. ஒரு ஆளுக்கு 300 மில்லி என்று கணக்கு வையுங்கள். மருத்துவமனை நிறுத்தம் என்றால் நாளைக்கு 300 பேர் வரலாம், அப்படியென்றால் 90 லிட்டர் குடிக்க. டம்ளர் கழுவ இன்னொரு 30 லிட்டர். ஆக 120 லிட்டர்.

தினமும் காலையில் கடையிலிருந்து ஹோஸ் பைப் போட்டு, உணவுப் பொருளுக்கென்று விற்கும் 100 லிட்டர் டிரம்மில் நேரடியாக நிரப்புங்கள். பெயின்ட், ஆசிட், பூச்சிமருந்து வந்த பழைய டிரம் மலிவாகக் கிடைக்கும், அதை எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். ஹோஸின் முனை தரையில் கிடக்கக் கூடாது. பந்தல் தண்ணீர் அந்த முனையாலும் கெடும். கழுவுகிற தண்ணீரை ஹோஸிலிருந்தே தனி வாளிகளில் பிடித்துக்கொள்ளுங்கள்.

மாநகராட்சித் தண்ணீரில் ஏற்கனவே குளோரின் இருக்கும். இருக்கிறதா என்று நீங்களே பார்க்க வேண்டும். மேல்நிலைத் தொட்டி இயக்குபவர்கள் வைத்திருக்கும் குளோரோஸ்கோப் கடையில் கிடைக்கும். குழாயில் தண்ணீர் பிடித்து, கூட வரும் மருந்தைச் சொட்டுவிட்டால் மஞ்சள் நிறம் வரும், அட்டையோடு ஒப்பிட வேண்டும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருந்தால் போதும். நிறமே வராவிட்டால் நீங்கள் சேர்க்க வேண்டும்.

சேர்க்கும் முறை: 25 சதவீதம் குளோரின் உள்ள ப்ளீச்சிங் பவுடர் 40 கிராம், தண்ணீர் 1 லிட்டர். கலக்கி, ஒரு மணி நேரம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் வெளிச்சம் புகாத பிளாஸ்டிக் பாட்டிலில் எடுங்கள். இது ஒரு சதவீதக் கரைசல். 20 லிட்டர் தண்ணீருக்கு 4 மில்லி, அதாவது 100 லிட்டர் டிரம்முக்கு 20 மில்லி. ஊசி இல்லாத சிரிஞ்சால் அளந்து ஊற்றுங்கள், மூடியால் உத்தேசமாக ஊற்றாதீர்கள். கலக்கிவிட்டு அரை மணி நேரம் காத்திருந்து, பிறகுதான் பானைக்கு மாற்ற வேண்டும். நேரடியாகப் பானையில் குளோரின் விட்டால் மண்சுவரே அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும், கிருமியைக் கொல்லப் போதாமல் போகும்.

மூன்று எச்சரிக்கை. கரைசலை ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். திறந்து கிடந்த பழைய பவுடரில் வீரியம் இருக்காது, சின்னப் பொட்டலமாக வாங்குங்கள். கழிப்பறை ஆசிட் இருக்கும் அலமாரியில் இதை வைக்கவே கூடாது, இரண்டும் கலந்தால் வருவது விஷவாயு.

காவிரிக்கரை எழுதியது:

மிக்க நன்றி. எங்கள் குழுவில் ஒரு அம்மா தேற்றான்கொட்டை போட்டால் போதாதா என்று கேட்கிறார். வெட்டிவேரும் போடலாமா?

குழாயடி எழுதியது:

தேற்றான்கொட்டையைப் பானையின் உட்சுவரில் உரைத்தால் கலங்கல் அடியில் படியும், அது உண்மை. கிருமி சாகாது. ஆற்றுத் தண்ணீர் கலங்கி வரும் நாளில் முதலில் தேற்றானால் தெளியவைத்து, தெளிவை இறுத்து, பிறகு குளோரின் சேர்ப்பது நல்ல வரிசை. கலங்கலோடு சேர்த்தால் சேறே குளோரினை வாங்கிக்கொள்ளும்.

வெட்டிவேர் தாராளமாகப் போடலாம். மண் போக நாலைந்து தண்ணீரில் அலசி, ஒரு கைப்பிடியை மல் துணியில் முடிந்து போடுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை எடுத்து வெயிலில் முறுகக் காயவைக்க வேண்டும். அப்படியே விட்டால் வேரே அழுகி வழவழக்கும், தண்ணீர் மணப்பதற்குப் பதிலாக நாறும்.

நிழற்குடை எழுதியது:

காவிரிக்கரை ஐயா கேட்ட மூன்றாவது கேள்விக்கு இன்னும் யாரும் வரவில்லை. என் பார்வையில் அதுதான் முதல் கேள்வி.

தண்ணீர்ப் பந்தல் பணத்தால் கெடுவதில்லை. திறப்பு நாளில் இளநீர், தர்பூசணி, பேனர், மாலை எல்லாம் இருக்கும். பத்தாம் நாள் போய்ப் பார்த்தால் காலிப் பானை, உள்ளே காய்ந்த இலை, சங்கிலியில் தொங்கும் ஒரு டம்ளர். காரணம், அங்கே உட்கார ஆள் இல்லை. ஆள் இல்லாத பானையில் பாட்டிலை முக்குவார்கள், குழந்தை கையை விடும், மூடி கீழே விழுந்தால் எடுத்துப் போட யாரும் இருக்க மாட்டார்கள். இரண்டு நாளில் அந்தத் தண்ணீரைப் பார்த்தே மக்கள் விலகிப் போவார்கள்.

உட்கார்ந்திருப்பது என்ற அந்த ஒரு வேலைக்கு வேலைக்குப் போகிறவர்களிடம் நேரம் இல்லை. ஓய்வு பெற்றவர்களிடம் இருக்கிறது. கனம் தூக்க முடியாதே என்று நீங்கள் தயங்க வேண்டியதில்லை. தூக்குவதற்கு ஒரு நாளில் இருபது நிமிடம் ஓர் இளைஞர் போதும். மீதி நேரத்துக்கு வேண்டியது பொறுமையாக ஒரு ஆள், அகப்பை பிடிக்க ஒரு கை.

முறை வைப்பது இப்படி: காலை 8.30 முதல் 11 வரை இரண்டு பேர், மாலை 3.30 முதல் 6 வரை இரண்டு பேர். நாளைக்கு நான்கு இடம், வாரத்துக்கு 28. ஏழு பேர் என்றால் ஆளுக்கு வாரத்தில் நான்கு முறை. எப்போதும் இரண்டு பேராக உட்காருங்கள்: ஒருவர் ஊற்ற, ஒருவர் டம்ளர் பார்க்க. ஒருவருக்குத் தலை சுற்றினால் இன்னொருவர் அருகில் இருக்க வேண்டும் என்பதும் அதில் அடக்கம்.

11 முதல் 3.30 வரை உங்கள் வயதில் யாரும் அங்கே இருக்கக் கூடாது. அந்த நேரத்தில்தான் தாகம் அதிகம் என்பது தெரியும். அதற்குத்தான் ஆட்டோ ஸ்டாண்டு. நிழலும் தண்ணீரும் அவர்களுக்கும் வேண்டும். 11 மணிக்கு ஐந்து பானையையும் நிரப்பி, குழாய் வைத்த பானை இரண்டை முன்னால் வைத்து, அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். ஸ்டாண்டில் மூத்த ஓட்டுநர் யாரோ அவரிடம் நேரில் போய்க் கேளுங்கள், போனில் வேண்டாம். பந்தல் போடும் முன்பே கேட்க வேண்டும், போட்ட பிறகு கேட்டால் வேலையைத் தள்ளிவிடுவதாகத் தோன்றும்.

கை வைத்த நாற்காலி வாங்குங்கள், ஸ்டூல் வேண்டாம். மூட்டுவலி உள்ளவர் நாற்காலிக் கையை ஊன்றித்தான் எழுவார். பானை மேடை தரையிலிருந்து இரண்டரை அடி உயரம் இருந்தால் உட்கார்ந்தபடியே குனியாமல் மொள்ளலாம்.

வார்டு_ஏழு எழுதியது:

செவிலியர் பணியில் இருந்தவள் என்ற முறையில் சில விஷயங்கள். பந்தலில் உட்காரப்போகிற பெரியவர்கள் பற்றித்தான் முதலில்.

வயது கூடக் கூடத் தாக உணர்வு குறையும். தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருக்கிறவர் தான் குடிக்க மறந்துவிடுவார். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு, யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள்: பக்கத்தில் கழிப்பறை இல்லை என்றால் வயதானவர்கள், முக்கியமாகப் பெண்கள், வேண்டுமென்றே குடிக்காமல் இருப்பார்கள். பந்தலுக்கு இடம் பார்க்கும்போதே எந்தக் கடையில், எந்த வீட்டில் கழிப்பறைக்குப் போகலாம் என்று பேசி முடித்துவிடுங்கள்.

ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள் வெயிலில் சீக்கிரம் வறண்டுபோவார்கள். மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது, எந்த நேரம் எடுப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஸ்டென்ட் வைத்த ஐயாவுக்கும், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்கும் ஒரு நாளைக்கு எவ்வளவு திரவம் என்று மருத்துவர் அளவு சொல்லியிருக்கக்கூடும். அந்த அளவே அவர்களுக்குக் கணக்கு, பந்தலில் இருக்கிறோம் என்று மீற வேண்டாம்.

அடுத்து, வருகிறவர்கள். நிறைய வியர்த்து, தலை சுற்றி, கெண்டைக்கால் இழுத்து, குமட்டலோடு வந்தால் அது வெப்பத் தளர்ச்சி. நிழலில் படுக்கவைத்து, காலைச் சற்று உயர்த்தி, ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். 20.5 கிராம் பாக்கெட் ஒன்றை முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். அரைப் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கலக்கிக் கொடுப்பது தவறு, உப்பு அடர்ந்து நிலைமையை மோசமாக்கும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

பேச்சு குழறினால், சொன்னது புரியாமல் விழித்தால், மயங்கினால் அது வெப்ப வாதம். உடனே 108. காத்திருக்காமல் உடையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணி. வியர்வை இல்லாமல் தோல் காய்ந்திருக்கலாம், வெயிலில் வேலை செய்தவருக்கு வியர்த்துக்கொண்டும் இருக்கலாம், வியர்வையைப் பார்த்து ஏமாறாதீர்கள். நினைவு தப்பியவர் வாயில் ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். தண்ணீர்ப் பந்தலில் எல்லாரும் முதலில் செய்வது அதுதான், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

காவிரிக்கரை எழுதியது:

வார்டு_ஏழு அம்மா, கழிப்பறை விஷயம் எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. நாளைக்கே கடைக்காரரிடம் பேசுகிறேன்.

அடுத்தது நீர்மோர். தினமும் கொடுக்க வேண்டும் என்று பாதிப் பேர், வேண்டாம் என்று பாதிப் பேர். கொடுத்தால் 100 பேருக்கு அளவு என்ன?

உறைமோர் எழுதியது:

100 பேருக்கு 200 மில்லி வீதம் 20 லிட்டர். கெட்டித் தயிர் 4 லிட்டர், கொதித்து ஆறிய தண்ணீர் 16 லிட்டர். தயிர் புளிப்பில்லாமல் முந்தின இரவு உறைந்ததாக இருக்க வேண்டும், அதற்குப் பால் நன்றாகப் பொங்கிக் காய்ந்திருக்க வேண்டும்.

உப்பு 60 கிராம். கடைகளில் போடும் அளவில் இது குறைவுதான். ரத்த அழுத்தக்காரர்கள் நிறைய வரும் மருத்துவமனை வாசலில் இதற்கு மேல் வேண்டாம். உப்பே போடாமல் ஒரு தூக்கு தனியாக வையுங்கள், கேட்கிறவர்கள் இருப்பார்கள். இஞ்சி 100 கிராம், பச்சைமிளகாய் எட்டு, கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி, பெருங்காயம் ஒரு தேக்கரண்டி. எல்லாவற்றையும் அரைத்து, தண்ணீர் விட்டுப் பிழிந்து, துணியில் வடிகட்டிய சாற்றை மட்டும் மோரில் சேருங்கள். நறுக்கிப் போட்டால் பார்க்க அழகு, அவசரமாகக் குடிக்கிறவருக்குத் தொண்டையில் ஒட்டும், குழந்தைக்குப் புரை ஏறும். தாளித்துக் கொட்டாதீர்கள், எண்ணெய் மேலே மிதந்து மதியத்துக்குள் சிக்கு வாடை வரும்.

கரைத்ததிலிருந்து நான்கு மணி நேரம்தான் ஆயுள். காலை 10-க்குக் கரைத்தால் 2 மணிக்கு மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். கொட்ட மனசு வராமல் புதிதைப் பழையதில் ஊற்றுவதுதான் பெரிய தப்பு, புதுசும் சீக்கிரம் புளிக்கும். ஐஸ் கட்டி வாங்கிப் போடவே கூடாது. மீன் வண்டிக்கும் ஜூஸ் கடைக்கும் போகும் பாளம் ஐஸ் குடிநீரில் செய்தது என்று யாரும் உறுதி தர முடியாது. மோரை மண்பானையில் வைத்தால் குளிரும், ஆனால் துளைக்குள் மோர் ஏறிய பானையைத் திரும்பத் தண்ணீருக்குப் பயன்படுத்த முடியாது. மோருக்கென்று ஒரு பானையை ஒதுக்கி, நூலில் அடையாளம் கட்டிவிடுங்கள்.

நிழற்குடை எழுதியது:

உறைமோர் அம்மா சொன்ன முறையில் குறை காண எதுவும் இல்லை. ஆனால் தினமும் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. தினமும் 4 லிட்டர் தயிர், 16 லிட்டர் கொதிநீர் என்றால் ஏழு பேரும் இரண்டாவது வாரமே களைத்துப்போவீர்கள். களைப்பில் முதலில் விடுபடுவது பானை கழுவுவதுதான். தண்ணீர் தினமும், மோர் வாரத்தில் ஒரு நாள்.

உறைமோர் எழுதியது:

நிழற்குடை சார், வெயிலில் வேலை செய்துவிட்டு வருகிற தூய்மைப் பணியாளருக்கும் கட்டட வேலைக்காரருக்கும் வெறும் தண்ணீரைவிட உப்புச் சேர்ந்த மோர் உடம்புக்கு நல்லது. மோரைத் திருவிழாப் பொருளாக்கிவிடாதீர்கள். வாரத்தில் ஒரு நாள் என்பதை மூன்று நாளாக்குங்கள், அளவைப் பாதியாக்குங்கள். 10 லிட்டர் என்றால் ஒரு வீட்டு அடுப்பிலேயே முடியும், வீடு மாற்றி வீடு செய்யலாம். முட்டி வலிக்கிறவர்கள் உட்கார்ந்தே இஞ்சி தோல் சீவிக் கொடுக்கலாம்.

நிழற்குடை எழுதியது:

வாரத்தில் மூன்று நாள், 10 லிட்டர் என்றால் ஒத்துக்கொள்கிறேன். பானகம் மட்டும் வேண்டாம். வெல்லத்துக்கு ஈயும் எறும்பும் வந்து குவியும், டம்ளர் பிசுபிசுக்கும், சர்க்கரை நோயாளிகள் மரியாதைக்கு மறுக்க முடியாமல் குடித்துவிடுவார்கள்.

குழாயடி எழுதியது:

மோர் கொடுப்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள். இலவசமாகக் கொடுப்பதற்கும் பதிவு உண்டு. உங்களில் ஒருவர் பெயரில் விண்ணப்பித்தால் போதும்.

டம்ளர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர்ப் பாக்கெட், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப் எல்லாமே தடை. எவர்சில்வர் டம்ளர் 40 வாங்குங்கள். அடியில் விளிம்பு மடித்ததை வாங்காதீர்கள், அந்த மடிப்புக்குள் அழுக்கு நிற்கும்.

மூன்று வாளி வைக்க வேண்டும். முதலாவதில் சோப்புத் தண்ணீர், இரண்டாவதில் நல்ல தண்ணீர், மூன்றாவதில் 10 லிட்டருக்கு அந்த ஒரு சதவீதக் கரைசல் 50 மில்லி. மூன்றாவது வாளியில் இரண்டு நிமிடம் முழுகிக் கிடந்த டம்ளரைக் கம்பிக் கூடையில் கவிழ்த்து வையுங்கள், துணியால் துடைக்காதீர்கள். கழுவின சுத்தம் முழுக்க அந்தத் துணியிலேயே போய்விடும். இரண்டாவது வாளித் தண்ணீர் பால்போல் ஆனதும் மூன்றையும் மாற்ற வேண்டும். கை வைத்துக் கழுவுகிறவருக்கு ரப்பர் கையுறை கொடுங்கள், வயதானவர்கள் தோல் மெல்லியது, குளோரினில் வெடிக்கும்.

மொள்ளுவதற்கு ஒன்றரை அடிக் காம்புள்ள அகப்பை. டம்ளர் பானைக்குள் போகவே கூடாது. நடத்துநர்கள் பாட்டிலை நீட்டுவார்கள், அதற்கு ஒரு புனல் வைத்துக்கொள்ளுங்கள், பேருந்து நிற்கிற முப்பது நொடியில் நிரப்பிவிடலாம்.

குழாய் வைத்த பானையில் ஒழுகல் வரும். குழாயை இறுக்கமாக முடுக்கினால் மண் விரியும். இரண்டு பக்கமும் ரப்பர் வாஷர் போட்டு, கையால் முடுக்கியதோடு நிறுத்துங்கள்.

கீற்றுமுடை எழுதியது:

பந்தல் வேலைக்கு: தகரம் போடாதீர்கள், உச்சியில் அது அனல் கக்கும். பச்சை வலை வெயிலைக் கொஞ்சம் தடுக்கும், அவ்வளவுதான். தென்னங்கீற்று இரண்டு அடுக்கு. 10 அடிக்கு 8 அடி, முன்பக்க உயரம் ஏழரை அடி, பின்பக்கம் ஆறரை. மேற்குப் பக்கம் மாலை வெயில் சாய்ந்து வரும், அங்கே ஒரு தட்டியை இறக்கிக் கட்டுங்கள், மற்ற பக்கம் திறந்திருக்கட்டும். தார்ச்சாலையையோ நடைபாதையையோ குழி தோண்டாதீர்கள், அனுமதியும் கிடைக்காது. பழைய எண்ணெய் டின்னில் கான்கிரீட் போட்டு மூங்கிலை நட்டால் நிற்கும், ஆனால் கோடைமழைக் காற்றுக்கு நாலு மூலையிலும் கயிறு இழுத்துக் கட்ட வேண்டும். மாநகராட்சி வார்டு அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் எழுத்தில் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

பேருந்து நிற்கும் இடத்துக்கு நேரே போடாமல் பத்துப் பன்னிரண்டு அடி முன்னால் தள்ளிப் போடுங்கள். நேரே போட்டால் இறங்குகிற கூட்டமும் குடிக்கிற கூட்டமும் மோதும். வேம்போ புங்கையோ இருந்தால் அதன் கீழேயே போடுங்கள், கீற்று ஒரு அடுக்கு போதும். பீடி, சிகரெட் நெருப்புக்கு ஒரு வாளி மணல் கட்டாயம்.

சத்திரத்தார் எழுதியது:

இரண்டு விஷயம். முதலாவது பெயர்ப்பலகை. திங்களூரில் அப்பூதியடிகள் தண்ணீர்ப் பந்தல் வைத்தபோது அதற்குத் தன் பெயரை வைக்கவில்லை, நேரில் பார்த்தே இராத திருநாவுக்கரசர் பெயரை வைத்தார் என்கிறது பெரியபுராணம். உங்கள் பந்தலில் "குடிதண்ணீர்" என்று பெரிய எழுத்தில் எழுதினால் போதும். யாரோ ஒருவர் படம் போட்ட பேனரை மாட்டினால் மாற்றுக் கட்சிக்காரர், மாற்று மதத்தவர், அந்த ஆளைப் பிடிக்காதவர் எல்லாரும் ஒதுங்கிப் போவார்கள். தாகத்தோடு வருகிறவரை யோசிக்க வைக்கக் கூடாது.

இரண்டாவது இதைவிட முக்கியம். சிலருக்கு டம்ளரிலும் சிலருக்குக் கையிலும் ஊற்றும் வழக்கம் இந்த நாட்டில் நெடுங்காலம் இருந்தது, இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. உங்கள் பந்தலில் எல்லாருக்கும் ஒரே டம்ளர், ஒரே வரிசை. தூய்மைப் பணியாளர்கள் பெரும்பாலும் தாமாக வந்து கேட்க மாட்டார்கள், சற்றுத் தள்ளி நிற்பார்கள். "வாங்கம்மா, தண்ணி குடிங்க" என்று நீங்கள் கூப்பிட வேண்டும். கையைக் குவித்தால் ஊற்றாமல் டம்ளரை எடுத்து நீட்டுங்கள். பந்தல் கோயில் படியிலோ யாருடைய வாசலுக்கு உள்ளேயோ இல்லாமல் பொதுத் தெருவில் இருப்பதும் இதற்காகத்தான்.

படுக்கையறை_சன்னல் எழுதியது:

வீட்டை விட்டு வெளியே வரவே முடியாத பெரியவர்களையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் முறைக்கு வருகிறவர்களுக்கு இரவு 8 மணிக்குப் போன் செய்து உறுதிப்படுத்துவது ஒருவர் தனிப் பொறுப்பாக எடுத்துச் செய்ய வேண்டிய வேலை. அதைச் செய்ய ஆள் இல்லாததால்தான் பல இடங்களில் காலையில் நாற்காலி காலியாகக் கிடக்கிறது. வர முடியாதவருக்கு மாற்று ஆள் தேடுவதும் அவர் பொறுப்பிலேயே இருக்கட்டும், ஊற்றுகிறவர்கள் தலையில் அதைப் போடாதீர்கள். பானை வாய்க்கு மல் துணி வெட்டி ஓரம் தைப்பது, வெட்டிவேர் முடிச்சுக் கட்டுவது, வரவு செலவு நோட்டு எழுதுவது எல்லாம் கட்டிலில் உட்கார்ந்தே ஆகும். ஒரு பானைக்கு மூன்று துணி வேண்டும். தினமும் கொதிநீரில் போட்டு எடுத்து மாற்ற வேண்டும்.

காவிரிக்கரை எழுதியது:

இது மிக நல்ல யோசனை. எங்கள் தெருவில் அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

நாய், காக்கைக்கு ஒரு தொட்டி வைக்கலாமா? கொசு வரும் என்கிறார்கள்.

குழாயடி எழுதியது:

வையுங்கள். டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். தினமும் கொட்டி, நாரால் உட்சுவரைத் தேய்த்து நிரப்பினால் வழியே இல்லை. தேய்ப்பது முக்கியம், முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், கொட்டினால் மட்டும் போகாது. அகலமான, நான்கு விரல் ஆழமுள்ள மண்சட்டி போதும். மனிதர்கள் நிற்கும் இடத்திலிருந்து பத்தடி தள்ளி, மர நிழலில்.

காவிரிக்கரை எழுதியது:

கடைசியாக ஒன்று. எப்போது தொடங்கி எப்போது முடிப்பது? கத்திரி வெயில் மட்டும் என்று வைத்துக்கொள்ளலாமா?

நிழற்குடை எழுதியது:

கத்திரி மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும். வெயில் அந்தத் தேதியைப் பார்ப்பதில்லை. திருச்சியில் மார்ச் கடைசியிலேயே சுடும், தென்மேற்குப் பருவமழையால் உங்கள் பக்கம் பெரிய மழையும் இல்லை, ஜூன் பாதி வரை அனல் அடிக்கும். மே முடிந்ததும் எல்லாப் பந்தலையும் பிரித்துவிடுவார்கள். பள்ளி திறக்கும் முதல் இரண்டு வாரத்தில் பிள்ளைகளுக்குத் தண்ணீர் இருக்காது. ஏப்ரல் முதல் வாரம் தொடங்கி ஜூன் 15 வரை வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு நாள் முடியாது என்று தோன்றினால் நாளைக் குறைக்காதீர்கள், பானையைக் குறையுங்கள். ஐந்து பானை மூன்றாகட்டும், மோர் நிற்கட்டும், தண்ணீர் நடுவில் ஒரு நாளும் நிற்க வேண்டாம். நேற்று இருந்த தண்ணீரை நம்பி இன்று பாட்டில் எடுக்காமல் வருகிறவர் இருப்பார்.

குயவர்பாளையம் எழுதியது:

பானையை இப்போதே சொல்லி வையுங்கள். சித்திரையில் கேட்டால் வேக்காடு குறைந்த அவசரச் சூளைப் பானைதான் கிடைக்கும். மாசி, பங்குனியில் சூளை போடுகிறவரிடம் நேரில் போய், குழாய்க்குத் துளை விட்டது இரண்டு, விடாதது ஐந்து, மூடி பத்து என்று சொல்லுங்கள். மூடி கட்டாயம் உடையும்.

காவிரிக்கரை எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை போகிறோம். மூடி பன்னிரண்டாகச் சொல்லிவிடுகிறேன். குளோரோஸ்கோப் வாங்கியதும் கடைக் குழாயில் என்ன வருகிறது என்று இங்கே எழுதுகிறேன்.